விரைவுச்சாலைக் காவலர்கள்

குளிர்கால விடியற்காலை. இங்கிலாந்தின் சிற்றூர்களில் வீட்டு வாசலில் நிற்கும் கார்களின் கண்ணாடிகளில் பனி உறைந்து கிடக்கிறது. வேலைக்கு நேரமாகிவிட்ட சிலர், ஓட்டுநரின் முகத்துக்கு நேராக ஒரு கையளவு பனியை மட்டும் சுரண்டிவிட்டுக் காரைக் கிளப்பிவிடுகிறார்கள். அந்தச் சிறிய இடைவெளி வழியாகப் பார்த்துக்கொண்டே பள்ளிப் பிள்ளைகள் நடந்து செல்லும் தெருக்களைக் கடக்கிறார்கள். அத்தகைய காரை நிறுத்தி, "எல்லாக் கண்ணாடிகளையும் துடைத்துவிட்டுப் புறப்படுங்கள்" என்று சொல்வது போக்குவரத்துக் காவலர்களின் வேலைகளுள் ஒன்று. திரைப்படங்களில் வரும் காவலர்கள் இந்த வேலையைச் செய்வதில்லை.

பிரிட்டனின் ரோந்துக் கார்களைத் தொலைவிலிருந்தே அடையாளம் கண்டுகொள்ளலாம். நீலமும் மஞ்சளும் மாறி மாறி வரும் பெரிய கட்டங்கள் அவற்றின் பக்கங்களில் ஒட்டப்பட்டிருக்கும். இருட்டில் மற்ற வாகனங்களின் வெளிச்சம் பட்டதும் அவை பளிச்சிடும். பணி தொடங்குமுன் காவலர்கள் டயர்களையும் விளக்குகளையும் பார்க்கிறார்கள். பிறகு காரின் பின்பகுதியைத் திறந்து சரிபார்க்கிறார்கள். சாலையை மறிக்கும் கூம்புகள், எச்சரிக்கைப் பலகைகள், தீயணைப்புக் கருவி, முதலுதவிப் பெட்டி, போர்வைகள், உடைந்த கண்ணாடியைக் கூட்டித் தள்ளத் துடைப்பம் ஆகியவை அங்கே இருக்க வேண்டும். சில கார்களில் ஒரு கரடிப் பொம்மையும் இருக்கும். அது ஏன் என்பதைக் காவலர்கள் அதிகம் பேசுவதில்லை. மோதலுக்குப் பிறகு சாலையோரத்தில் தனியாக உட்கார்ந்திருக்கும் குழந்தையின் கையில் கொடுப்பதற்காகத்தான்.

இவர்கள் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளும் முறை சற்றே விந்தையானது. 1930களில் லண்டனின் ஹெண்டன் பகுதியில் காவலர்களுக்கென்று ஓட்டுநர் பள்ளி ஒன்று தொடங்கப்பட்டது. அங்கு வளர்ந்த ஓட்டும் முறை 1955இல் நூலாகவும் வெளிவந்தது. இந்தப் பயிற்சியில், காரை ஓட்டிக்கொண்டே கண்ணில் படுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். "முன்னால் பேருந்து நிற்கிறது, யாராவது இறங்கிக் குறுக்கே வரலாம். இடப்பக்கம் வேலி தாழ்ந்திருக்கிறது. அங்கே ஒரு சந்து இருக்கக்கூடும்." இப்படியே மணிக்கணக்கில் பேச வேண்டும். வேகமாக ஓட்டுவதற்கு முன்பே நன்றாகப் பார்க்கப் பழகிவிட வேண்டும் என்பதே இதன் நோக்கம். அவசர அழைப்பு வந்தால் காவலர்கள் வேக வரம்பைத் தாண்டலாம். ஆனால், கவனக்குறைவாக ஓட்டி யாரையாவது மோதிவிட்டால் மற்றவர்களைப் போலவே அவர்களும் நீதிமன்றத்தில் நிற்க வேண்டியதுதான்.

பகல்பொழுதின் பெரும்பகுதி வாகனங்களை நிறுத்திச் சோதிப்பதிலேயே கழிகிறது. 1988ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி, சீருடையிலுள்ள காவலர் எந்த வாகனத்தையும் நிறுத்தலாம். வாகன எண்ணைப் படிக்கும் கேமரா, கடந்து செல்லும் காருக்குக் காப்புறுதி உள்ளதா என்பதை நொடியில் தெரிவித்துவிடும். காப்புறுதி இல்லாத காரை அந்த இடத்திலேயே பறிமுதல் செய்யலாம். டயரின் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்திருந்தால் அபராதம் உண்டு. ஓட்டும்போது கைத்தொலைபேசியைக் கையில் வைத்துப் பயன்படுத்தினால் 200 பவுண்டு அபராதத்துடன் ஆறு தண்டனைப் புள்ளிகள். உரிமம் பெற்று இரண்டு ஆண்டுகள் ஆகாதவருக்கு ஆறு புள்ளிகள் சேர்ந்தால் உரிமமே போய்விடும்.

நிறுத்தப்பட்டவர்கள் பெரும்பாலும் மகிழ்ச்சி அடைவதில்லை. "திருடனைப் பிடிக்காமல் என்னை ஏன் பிடிக்கிறீர்கள்?" என்ற கேள்வியைக் கேட்டுக் கேட்டு அவர்களுக்குப் பழகிவிட்டது. அந்தக் கேள்விக்கு விடை கணக்கில் இருக்கிறது. விரைவுச்சாலையின் வேக வரம்பு மணிக்கு 70 மைல், அதாவது ஏறத்தாழ 112 கிலோமீட்டர். அந்த வேகத்தில் கார் ஒரு நொடியில் 31 மீட்டர் ஓடுகிறது. குறுஞ்செய்தியைப் பார்க்க இரண்டு நொடி கண்ணைத் திருப்பினால், 60 மீட்டருக்கு மேல் அந்தக் காரை யாருமே ஓட்டவில்லை என்றுதான் பொருள்.

1966இல் பிரிட்டனின் சாலைகளில் 7,985 பேர் இறந்தார்கள். 2023இல் அந்த எண்ணிக்கை 1,624. இடைப்பட்ட காலத்தில் வாகனங்களோ ஏறத்தாழ மும்மடங்கு பெருகிவிட்டன. 1967இல் சாலையோரச் சுவாசச் சோதனை வந்தது. 1983இல் முன் இருக்கையில் இருப்போர் இருக்கை வார் அணிவது கட்டாயமாயிற்று. கார்களும் சாலைகளும் மருத்துவமும் மேம்பட்டதற்கும் இதில் பங்குண்டு. ஆனாலும், சட்டம் ஏட்டில் இருந்தால் மட்டும் போதாது. யாராவது காரை நிறுத்தி அதை நடைமுறைப்படுத்த வேண்டும். மிகை வேகம், மதுவும் போதைப்பொருளும், இருக்கை வார் அணியாமை, கைத்தொலைபேசி ஆகிய நான்கையும் காவலர்கள் உயிர்பறிக்கும் காரணங்களாகக் கருதுகிறார்கள். சுவாசச் சோதனை இரவில் மட்டும் நடப்பதன்று. முந்தைய இரவு குடித்துவிட்டு, தூங்கி எழுந்ததால் எல்லாம் தெளிந்துவிட்டதென்று நம்பிக் காலையில் வேலைக்குப் புறப்படுவோரும் பிடிபடுகிறார்கள்.

இத்தனைக்கும் பிறகு, சில நாள்களில் அந்த அழைப்பு வந்துவிடுகிறது. முதலில் சென்று சேரும் கார், பின்னால் வரும் வாகனங்களுக்குத் தடுப்பாக நிறுத்தப்படுகிறது. காயமடைந்தவர்களைக் கவனித்த பின், சாலை மூடப்படுகிறது. பின்னால் மைல்கணக்கில் வாகனங்கள் தேங்குகின்றன. ஒருவர் உயிர் போயிருந்தால், அந்தச் சாலை பல மணி நேரம் திறக்கப்படாது. டயர் உராய்ந்த தடமும் சிதறிய துண்டுகளும் கிடக்கும் இடங்களை ஆய்வாளர்கள் ஒவ்வொன்றாக அளந்து பதிவு செய்ய வேண்டும். திறந்துவிட்டால் சான்றுகள் அழிந்துவிடும். தம் அறிக்கையில் இவர்கள் 'விபத்து' என்று எழுதுவதைத் தவிர்த்து 'மோதல்' என்றே எழுதுகிறார்கள். விபத்து என்றால் யார் மீதும் பிழையில்லை என்பது போல் ஆகிவிடுகிறது அல்லவா?

அதன்பின் மிகக் கடினமான வேலை காத்திருக்கிறது. இறப்புச் செய்தியைத் தொலைபேசியில் சொல்வதில்லை, நேரில் போகிறார்கள். காவலர்கள் அந்த வீட்டின் கதவைத் தட்டுகிறார்கள். தொப்பியைக் கழற்றிக்கொள்கிறார்கள். வந்த இடம் சரிதானா என்று பெயரைக் கேட்டு உறுதி செய்துகொள்கிறார்கள். பிறகு உட்காரச் சொல்லி, "இறந்துவிட்டார்" என்று நேராகவே சொல்கிறார்கள். சுற்றி வளைத்துச் சொன்னால், கேட்பவர் பொய்யான நம்பிக்கையைப் பற்றிக்கொள்வார் என்பதால் இப்படிச் சொல்லவே பயிற்சி தரப்படுகிறது. அடுப்பில் இரவு உணவு கொதித்துக்கொண்டிருக்கலாம். கதவைத் திறந்தது பத்து வயதுச் சிறுமியாகவும் இருக்கலாம்.

மறுநாள் அதே காவலர் மீண்டும் சாலையில் நிற்கிறார். இருக்கை வார் அணியாத இளைஞன் ஒருவனை நிறுத்துகிறார். "கடைக்குத்தான் போகிறேன், இரண்டு நிமிடம்தானே!" என்று அவன் சலித்துக்கொள்கிறான். அவர் முந்தைய நாள் தட்டிய கதவைப் பற்றி அவனிடம் எதுவும் சொல்வதில்லை. 100 பவுண்டு அபராதச் சீட்டை எழுதிக் கொடுக்கிறார். அவன் முணுமுணுத்துக்கொண்டே இருக்கை வாரை இழுத்து மாட்டுகிறான். அது பொருந்தும் ஒலி கேட்கும்வரை அவர் சன்னலருகே நிற்கிறார். பிறகு கையசைத்து அனுப்பிவைக்கிறார்.