பிடித்தம் எங்கே போகிறது? சம்பளச் சீட்டில் ஒரு விழுக்காட்டுப் பாடம்

எட்டாம் வகுப்பில் ‘வாழ்வியல் கணிதம்’ இயலில் விழுக்காடு நடத்திக்கொண்டிருந்தேன். தள்ளுபடி, இலாபம், நட்டம் என்று கணக்குகள் நகர்ந்தன. அப்போது ஒரு மாணவன் எழுந்து, “சார், எங்கப்பா சம்பளத்துல மாசாமாசம் பி.எஃப்.னு புடிக்கிறாங்க. அது எங்க சார் போவுது?” என்று கேட்டான்.

மேல்சித்தாமூரைச் சுற்றியுள்ள பல வீடுகளில் அப்பாவோ அண்ணனோ வெளியூரில்தான் வேலை பார்க்கிறார்கள். எனவே அந்தக் கேள்வியையே மறுநாள் பாடமாக்கினேன்.

செயல்பாடு 1: பிடித்தத்தைப் பிரித்தல்

ஒரு தொழிலாளியின் அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்து ரூ.12,000 என்று கரும்பலகையில் எழுதினேன். தொழிலாளியின் பங்கு 12 விழுக்காடு, அதாவது ரூ.1,440. நிறுவனமும் அதே 12 விழுக்காடு செலுத்த வேண்டும். தொழிலாளியின் பங்கு முழுவதும் அவரது வருங்கால வைப்பு நிதிக் கணக்கில் சேரும். நிறுவனத்தின் பங்கில் 8.33 விழுக்காடு, ஏறத்தாழ ரூ.1,000, ஓய்வூதிய நிதிக்குப் போகும். மீதி ரூ.440 அவர் கணக்கில் சேரும். இவற்றோடு மத்திய அரசு 1.16 விழுக்காட்டை ஓய்வூதிய நிதிக்குத் தருகிறது.

“அப்ப அப்பா காசு ரெண்டு உண்டியல்ல விழுது” என்றாள் ஒரு மாணவி. அதைவிடத் தெளிவாக நான் சொல்லியிருக்க முடியாது. முதல் உண்டியல் அவருடைய சேமிப்பு, வட்டியோடு திரும்பும். இரண்டாவது பொது உண்டியல். அதில் உரிமை பெற ஒரு நிபந்தனை உண்டு.

செயல்பாடு 2: பத்து ஆண்டு நிபந்தனை

1995ஆம் ஆண்டு ஓய்வூதியத் திட்டப்படி, 58 வயதில் மாத ஓய்வூதியம் பெறக் குறைந்தது 10 ஆண்டு உறுப்பினராக இருந்திருக்க வேண்டும். கடைசி 60 மாதச் சராசரிச் சம்பளத்தைப் பணியாண்டுகளால் பெருக்கி 70ஆல் வகுத்தால் மாத ஓய்வூதியம் கிடைக்கும்.

கேள்வி கேட்ட மாணவனின் தந்தை ஒரு நிறுவனத்தில் 5 ஆண்டு, அடுத்த நிறுவனத்தில் 6 ஆண்டு பணியாற்றியவர். இரண்டுக்கும் தனித்தனிக் கணக்கு. வீட்டுக் கூரையை மாற்ற, முதல் கணக்கில் உள்ளதை ஓய்வூதியப் பங்கோடு எடுத்துவிட எண்ணியிருந்தார். மாணவர்கள் கணக்கிட்டார்கள்:

இரண்டையும் இணைத்தால்: 12,000 × 11 ÷ 70 = ஏறத்தாழ ரூ.1,886.
முதல் ஓய்வூதியப் பங்கை எடுத்துவிட்டால்: மிஞ்சுவது 6 ஆண்டு. மாத ஓய்வூதியத்துக்கு இன்னும் போதாது.

வகுப்பு அமைதியானது. இரண்டு நாள் கழித்து அந்தத் தந்தை பள்ளிக்கு வந்தார். “பையன் கணக்குப் போட்டுக் காட்டினான் சார். மொத்தக் கணக்க அதோட சேத்துடச் சொல்லிட்டேன். கூரைக்கு வேற வழி பாத்துக்கறேன்” என்றார். 2014இல் வந்த யூஏஎன் எண், பழைய கணக்குகளை ஒரே எண்ணின்கீழ் இணைக்க உதவுகிறது என்பதை அவர் ஏற்கெனவே விசாரித்திருந்தார்.

செயல்பாடு 3: கடல் கடந்தால்?

பத்தாம் வகுப்புச் சமூக அறிவியலுக்கு இதை விரிவாக்கலாம். சிங்கப்பூரில் மத்திய சேமநிதி குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டுமே; பணி அனுமதியில் செல்லும் நம் ஊர்த் தொழிலாளிக்கு அது இல்லை. அமெரிக்காவில் தொழிலாளியும் முதலாளியும் ஆளுக்கு 6.2 விழுக்காடு சமூகப் பாதுகாப்பு வரி செலுத்துகிறார்கள். இன்று வேலை செய்வோர் கட்டும் அந்த வரியிலிருந்தே இன்றைய முதியோருக்கு ஓய்வூதியம் தரப்படுகிறது. அங்கும் உரிமை பெற ஏறத்தாழ 10 ஆண்டுப் பணி வேண்டும். ஆனால் எச்-1பி விசாவின் வழக்கமான உச்சவரம்பு 6 ஆண்டு. இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே இதற்கான உடன்பாடு இல்லாததால், 6 ஆண்டில் ஊர் திரும்புபவர் கட்டிய வரி அந்நாட்டு முதியோருக்கே பயன்படுகிறது. பெல்ஜியத்தோடு 2009 முதல் உடன்பாடு நடப்பில் இருக்கிறது. இரு நாட்டுப் பணிக்காலத்தையும் சேர்த்துக் கணக்கிட அது வழி செய்கிறது.

“கட்டியவருக்குக் கிடைக்காதது நியாயமா?” என்று விவாதிக்க விடுங்கள். பீகாரிலிருந்து நம் மாநிலத் தொழிற்சாலைக்கு வந்து, மூன்று ஆண்டில் ஊர் திரும்புபவரையும் அந்த விவாதத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆசிரியர் கவனத்துக்கு

சம்பளச் சீட்டைக் கொண்டுவரச் சொல்லிக் கட்டாயப்படுத்த வேண்டாம். செங்கல் சூளையிலும் கட்டட வேலையிலும் இருப்போர் பலருக்குச் சீட்டே கிடையாது. அவர்களின் பிள்ளைகள் கூச்சப்படுவார்கள். மாதிரிச் சீட்டு ஒன்றை நாமே தயாரித்துக்கொள்வது நல்லது. கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்தவர்களுக்கு 60 வயதில் ஓய்வூதியம் உண்டு என்பதையும் அன்றே சொல்லிவிடலாம். பெற்றோருக்கு ‘எடுங்கள்’, ‘எடுக்காதீர்கள்’ என்று நாம் முடிவு சொல்லக்கூடாது. கணக்கை மட்டும் காட்டினால் போதும்.

அந்த வாரம் என் வகுப்பில் பலர் வீட்டில் கேட்ட கேள்வி ஒன்றுதான்: “அப்பா, உங்க யூஏஎன் நம்பர் என்ன?”