விஜயதசமிப் பாடம்: பழைய கப்சாய் எஞ்சினைத் திறப்போம்



ஆயுத பூஜைக்கு வண்டியைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழத்தை நசுக்கி ஓட்டுகிறோம். எஞ்சினுக்குள்ளே என்ன இருக்குன்னு கேட்டால் நம்மில் பலர் முழிப்போம். மறுநாள் விஜயதசமி, புதுப்பாடம் தொடங்கும் நாள். தாத்தா பால்வெட்டுக்கு ஓட்டிய ஹோண்டா சி70 வீட்டுப் பின்னால் கிடந்தால் அதையே பாடமாக எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே சிலிண்டர், 72 சிசி, காற்றே குளிர்விக்கும். முதல் தடவை திறப்பவருக்கு ஏற்ற எஞ்சின்.

ஸ்பானருக்கு முன்னால் கிராண்ட்டை எடுங்கள். எஞ்சினில் பொறித்த எண் அதில் உள்ள எண்ணோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். மலிவாகக் கிடைக்குதேன்னு வேறு கிராங்க் கேஸை மாட்டிவிட்டால், அப்புறம் ஜேபிஜே, புஸ்பகோம் என்று அலையணும்.

ஜப்பான் ஸ்குரூக்களின் தலை சாதாரண ஸ்குரூ டிரைவருக்குச் சரியாகப் பொருந்தாது. முக்கினால் தலை தேய்ந்துவிடும். இம்பாக்ட் டிரைவர் ஒன்று கடன் வாங்குங்கள். கழட்டுமுன் ஒவ்வொன்றையும் போனில் படம் எடுங்கள். ஹெட்டைப் பிடிக்கும் நான்கு நட்டுகளில் ஒன்றின் கீழே செம்பு வாஷர் இருக்கும். அது ஆயில் ஏறும் வழி. அதை இடம் மாற்றிப் போட்டால் ஆயில் கசியும்.

சிலிண்டர் தேய்ந்திருந்தால் முதலில் பெரிய சைஸ் பிஸ்டனை வாங்கிவிட்டு, அதையும் சேர்த்துப் பட்டறையில் கொடுங்கள். பிஸ்டனை அளந்துதான் துளையைக் கடையணும். புது ரிங்கைத் துளைக்குள் நேராகத் தள்ளி, முனைகளின் இடைவெளியை ஃபீலர் கேஜால் பாருங்கள்: 0.15 முதல் 0.35 மில்லிமீட்டர். பிஸ்டன் தலையில் 'இன்' என்ற எழுத்து கார்புரேட்டர் பக்கம் இருக்கணும். பின் கிளிப் மாட்டும்போது கிராங்க் கேஸ் வாயைத் துணியால் அடையுங்கள். கிளிப் உள்ளே விழுந்தால் அன்றைய வேலை அவ்வளவுதான்!

அவசரம் ஆகவே ஆகாத இடம் டைமிங் செயின். பிளைவீலில் 'டி' கோடு கேஸிலுள்ள குறிக்கு நேராக வரும்போது, மேலே கேம் பற்சக்கரத்தின் 'ஓ' குறி ஹெட்டின் வெட்டுக்கு நேராக நிற்கணும். ஒரு பல் தள்ளினாலும் வண்டி இழுக்காது; அதிகம் தள்ளினால் வால்வு பிஸ்டனில் இடித்து வளையும். அதனால் கிக் அடிக்காதீர்கள். பிளைவீலைக் கையாலே இரண்டு முழுச் சுற்று சுற்றி, குறிகளைத் திரும்பப் பாருங்கள். எங்காவது முட்டினால் பலம் போடாமல் மறுபடி திறங்கள். சரியாகச் சுற்றினால் எஞ்சின் ஆறியிருக்கும்போதே வால்வு இடைவெளியை 0.05 மில்லிமீட்டருக்கு வையுங்கள்.

ஸ்டார்ட் ஆனதும் கொஞ்ச நேரம் புகை வரும்; மாட்டும்போது தடவிய ஆயில் எரிவதுதான், பயப்படாதீங்க. முதல் சில நூறு கிலோமீட்டர் முறுக்காமல் ஓட்டி, ஆயிலை மாற்றுங்கள். கேமரன் மலைக்குப் போலாமான்னு கூட்டாளிகள் கேட்டால், தைப்பூசம் கழியட்டும்னு சொல்லுங்க.