மருமகனுக்கு ஒரு பந்தயக் கணக்கு

அன்பு மருமகன் முகிலனுக்கு,

ஷெஃபீல்டில் குளிர் எப்படி இருக்கிறது? ஹீட்டரைப் போட்டுக்கொள்கிறாயா, இல்லை பில்லுக்குப் பயந்து மூன்று ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாயா? ஞாயிற்றுக்கிழமை போனில் பேசும்போது பாதியில் பேச்சை மாற்றினாயே, அத்தை கவனிக்கவில்லை என்று நினைத்துவிட்டாய். பக்கத்து அறைப் பையன் மேட்ச்டு பெட்டிங் என்று ஏதோ செய்து மாதாமாதம் கை நிறையப் பணம் பார்க்கிறான், "அது சூதாட்டமே இல்லையாம் அத்தை" என்று இழுத்தாய். உன் அம்மாவாக இருந்தால் பெட்டிங் என்று காதில் விழுந்ததுமே போனை வைத்திருப்பாள். நான் கணக்கு எழுதிப் பிழைத்தவள். பேரைக் கேட்டுப் பயப்பட மாட்டேன், கணக்கைப் பார்த்த பிறகுதான் பயப்படுவேன். பார்த்தேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில் உன் நண்பனுக்கு நியாயம் செய்துவிடுகிறேன். அவன் சொன்னது பொய்யில்லை. இந்த நாட்டில் பந்தயக் கம்பெனிகளுக்குள் அவ்வளவு போட்டி. புதிதாகக் கணக்குத் திறப்பவனுக்கு, "10 பவுண்டு கட்டு, 30 பவுண்டு ஃப்ரீ பெட் தருகிறோம்" என்று கூவுகிறார்கள். ஊரில் புதுசாகத் திறந்த மளிகைக் கடையில் முதல் மாதம் மட்டும் சர்க்கரையை அடக்க விலைக்கும் கீழே போடுவார்களே, அந்த மாதிரி. சர்க்கரையை மட்டும் வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிடுவது எப்படி என்பதுதான் மேட்ச்டு பெட்டிங்.

ஒரு கால்பந்து ஆட்டத்தை எடுத்துக்கொள். ஒரு அணி ஜெயிக்கும் என்று பந்தயக் கம்பெனியிடம் கட்டுவது பேக். அதே அணி ஜெயிக்காது என்று எதிர்ப்பக்கம் கட்டுவது லே. இதைக் கம்பெனியிடம் செய்ய முடியாது, எக்ஸ்சேஞ்சில்தான் செய்ய வேண்டும். பெட்ஃபேர், ஸ்மார்க்கெட்ஸ் எல்லாம் அப்படிப்பட்டவை. அங்கே உனக்கு எதிரே நிற்பது உன்னைப் போல இன்னொரு ஆள். நடுவில் இருக்கும் எக்ஸ்சேஞ்ச், ஜெயித்தவனிடம் ஒரு சிறு கமிஷனை எடுத்துக்கொள்ளும். "ஜெயிக்காது" என்பதில் தோல்வியும் அடக்கம், டிராவும் அடக்கம். ஆக, எது நடந்தாலும் ஒரு பக்கம் வரும், ஒரு பக்கம் போகும்.

இப்போது பேனாவை எடு. முதல் 10 பவுண்டைக் கம்பெனியிடம் 3.0 ஆட்ஸில் கட்டுகிறாய், அதாவது ஜெயித்தால் கட்டியதையும் சேர்த்து மூன்று மடங்கு திரும்பி வரும். எக்ஸ்சேஞ்சில் அதே அணிக்கு லே ஆட்ஸ் 3.1, கமிஷன் 2 சதவீதம் என்று வைத்துக்கொள். 10-ஐ 3-ஆல் பெருக்கினால் 30. 3.1-இல் கமிஷன் 0.02 போக 3.08. முப்பதை அதனால் வகுத்தால் 9.74. அவ்வளவுதான் நீ லே போட வேண்டியது. அணி ஜெயித்தால் கம்பெனி 20 பவுண்டு லாபம் தரும், எக்ஸ்சேஞ்சில் 20.45 போகும். ஜெயிக்காவிட்டால் கம்பெனியிடம் 10 போகும், எக்ஸ்சேஞ்சில் கமிஷன் கழித்து 9.55 வரும். எப்படிப் பார்த்தாலும் 45 பென்ஸ் நஷ்டம். இதுதான் ஃப்ரீ பெட்டுக்கு நீ கொடுக்கும் நுழைவுக் கட்டணம்.

அடுத்து அந்த 30 பவுண்டு ஃப்ரீ பெட். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஜெயித்தால் லாபம் மட்டும்தான் வரும், அந்த முப்பது திரும்ப வராது. அதனால் பெருக்கும்போது ஆட்ஸில் ஒன்றைக் கழித்துக்கொள்ள வேண்டும். 5.0 ஆட்ஸில் கட்டினால் லாபம் 120. லே ஆட்ஸ் 5.2 என்றால், 120-ஐ 5.18-ஆல் வகுத்து 23.17 பவுண்டு லே. அணி ஜெயித்தாலும் ஜெயிக்காவிட்டாலும் உன் கையில் ஏறக்குறைய 22.70 நிற்கும். முன்னே போன 45 பென்ஸைக் கழித்தால் இருபத்திரண்டே கால் பவுண்டு. இதையெல்லாம் போட்டுக் காட்ட இணையத்தில் கால்குலேட்டர் இருக்கிறது, எனக்கும் தெரியும். ஆனாலும் முதல் சில தடவை நீ கையால் போட்டுப் பார்க்க வேண்டும். கையால் போடத் தெரியாத கணக்கை நம்பிப் பணம் கட்டாதே.

ஒன்றைக் கவனித்தாயா? அந்த 23.17 லே ஜெயிக்காமல் போனால் நீ கொடுக்க வேண்டியது 97.31 பவுண்டு. அதை லயபிலிட்டி என்பார்கள். ஆட்டம் முடியும்வரை அந்தப் பணம் எக்ஸ்சேஞ்சில் முடங்கிக் கிடக்கும். 22 பவுண்டுக்காக 97 பவுண்டைக் கட்டிப்போட உன்னால் முடியுமா என்று முதலில் யோசி. அது வாடகைப் பணமாகவோ, கல்லூரிக் கட்டணத்துக்கு உன் அப்பா அனுப்பியதாகவோ இருந்தால் தொடவே தொடாதே. கிரெடிட் கார்டில் பந்தயம் கட்டுவதை 2020 ஏப்ரலிலேயே இங்கே தடை செய்துவிட்டார்கள். ஓவர்டிராஃப்ட் இருக்கிறதே என்று புத்திசாலித்தனம் காட்டாதே.

கணக்கு சரி. இனிமேல்தான் என் கவலை. நீ காபி கலக்கப் போய்ச் சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்ட பிள்ளை. பெட்ஃபேர் மாதிரி எக்ஸ்சேஞ்சின் திரையில் பேக் நீலக் கட்டத்தில், லே இளஞ்சிவப்புக் கட்டத்தில் இருக்கும். அவசரத்தில் நீலத்தை அழுத்தினால் இரண்டு இடத்திலும் அதே அணி ஜெயிக்கும் என்றே கட்டிவிட்டாய் என்று அர்த்தம். அங்கே உன் கணக்குச் செல்லாது, அதிர்ஷ்டம்தான் செல்லும். இன்னொன்று: ஆட்ஸுக்குக் கீழே ஒரு தொகை தெரியும். அந்த விலையில் அவ்வளவு பணம்தான் எதிர்ப்பக்கம் காத்திருக்கிறது. அதற்கு மேல் போட்டால் மிச்சம் பொருந்தாமல் தொங்கும். "மேட்ச்டு" என்று காட்டுகிறதா என்று பார்க்காமல் மடிக்கணினியை மூடாதே. 90 நிமிட முடிவுக்கான பந்தயமா, கூடுதல் நேரமும் சேர்த்து அடுத்த சுற்றுக்குப் போகும் அணிக்கான பந்தயமா என்று இரண்டு பக்கத்திலும் படி. குதிரை விஷயம் இன்னும் சிக்கல். ஓட வேண்டிய குதிரை கடைசி நேரத்தில் விலகினால் கம்பெனி ஒரு கணக்கில் கழிக்கும், எக்ஸ்சேஞ்ச் வேறு கணக்கில் கழிக்கும். மார்ச்சில் செல்டன்ஹாம், ஏப்ரலில் கிராண்ட் நேஷனல் என்று சலுகைகள் கொட்டும். ஆழம் தெரியாமல் காலை விடாதே.

ஒரு நோட்டு வாங்கு. தேதி, ஆட்டம், எங்கே கட்டினாய், ஆட்ஸ், தொகை, லயபிலிட்டி, முடிவு, கையில் நின்றது. பென்ஸ்வரை எழுது. தப்பாக அழுத்தியதையும் எழுது, முக்கியமாக அதை எழுது. ஜெயித்ததை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்வது மனித சுபாவம், நோட்டுக்கு அந்தச் சுபாவம் கிடையாது. இதற்கென்று தனியாக ஒரு வங்கிக் கணக்கு வைத்துக்கொள். நாளைக்கு நீ வீட்டுக் கடன் கேட்டுப் போனால், சம்பளக் கணக்கின் ஸ்டேட்மென்டில் வரிக்கு வரி பந்தயக் கம்பெனிப் பெயர் இருப்பதைப் பார்த்து வங்கிக்காரர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு உன்னைப் பார்ப்பார். அடுத்தவன் பெயரில் கணக்குத் திறப்பது, உன் பெயரை இன்னொருவனுக்குக் கொடுப்பது இரண்டும் கூடாது. எவ்வளவு நல்ல நண்பனாக இருந்தாலும் சரி. அது சாமர்த்தியம் இல்லை, மோசடி.

இதை வருமானம் என்றும் நினைத்துவிடாதே. பந்தயத்தில் வந்த பணத்துக்கு வரி இல்லை என்பது உண்மை. கட்டுகிறவன் தலையில் இருந்த பந்தய வரியையும் 2001-லேயே எடுத்துவிட்டார்கள். ஆனால் நீ சலுகையை மட்டும் கறந்துகொண்டு போகிறாய் என்று தெரிந்ததும் கம்பெனி உன் கணக்கை முடக்கும். சலுகை நின்றுவிடும், சில பென்ஸுக்கு மேல் கட்ட விடமாட்டார்கள். வரவேற்புச் சலுகைகள் ஒரு கம்பெனிக்கு ஒரு தடவைதான். அவை தீர்ந்தால் வரத்து மெலிந்துவிடும். அப்போதுதான் கை அரிக்கும். "ஃப்ரீ ஸ்பின்", கேசினோ போனஸ் என்று அதே திரையின் ஓரத்தில் மின்னும். அதற்கு லே கிடையாது, எதிர்ப்பக்கம் கிடையாது. அங்கே நீ வெறும் சூதாடி.

நான் இருக்கும் ஈஸ்ட் ஹாமில் வந்து பார். கடைத்தெருவில் பந்தயக் கடைகள். உள்ளே இருக்கும் மெஷின்களில் ஒரு முறை சுற்ற 100 பவுண்டுவரை போடலாம் என்று ஒரு காலத்தில் இருந்தது. எங்கள் நியூஹாம் கவுன்சில் உட்படப் பலர் போராடி, 2019 ஏப்ரலில் அதை 2 பவுண்டாகக் குறைத்தார்கள். பட்டப்பகலில் அந்தக் கடைகளிலிருந்து வெளியே வரும் முகங்களைப் பார்த்தால், உனக்கு வரும் முப்பது பவுண்டு யார் வீட்டுப் பணம் என்று தெரியும். சலுகைக்கு வருகிற நூறு பேரில் பலர் தங்கிவிடுவார்கள் என்ற நம்பிக்கையில்தான் கம்பெனி அதைக் கொடுக்கிறது. உன்னைக் குற்றம் சொல்லவில்லை கண்ணா. எந்தக் கடைக்குள் நின்று கணக்குப் போடுகிறாய் என்று தெரிந்து போடு என்கிறேன்.

ஒழுங்காகச் செய்தால் இந்த வேலை உனக்குக் கொட்டாவி வரவைக்க வேண்டும். இரண்டு பக்கமும் கட்டியவனுக்கு யார் ஜெயித்தால் என்ன? ஆட்ட முடிவைப் பார்க்கத் துடித்தாலோ, இந்த ஒரு தடவை லே போடாமல் விட்டால் என்ன என்று தோன்றினாலோ, உனக்குள் வேறு ஏதோ ஆரம்பித்துவிட்டது. அன்றைக்கே கேம்ஸ்டாப்பில் பெயரைப் பதிந்துவிடு. இலவசம்தான். உரிமம் பெற்ற இணையப் பந்தயக் கம்பெனிகள் எல்லாவற்றிலிருந்தும் குறைந்தது 6 மாதத்துக்கு உன்னை வெளியே நிறுத்தும். விடுமுறைக்கு மதுரைக்குப் போகும்போது இந்த வேலையைத் தொடவே கூடாது. பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களுக்கு எதிராக 2025-இல் இந்தியாவில் சட்டமே வந்துவிட்டது.

செய்யாதே என்று நான் சொல்லவில்லை, செய் என்றும் சொல்லவில்லை. வயது பதினெட்டு தாண்டிவிட்டது, கணக்கில் நீ என் அண்ணனைப் போல இல்லை, நல்லவேளை. செய்வதாக இருந்தால் இரண்டு நிபந்தனை. மாதக் கடைசியில் நோட்டைப் படம் எடுத்து எனக்கு அனுப்ப வேண்டும், கூட்டல் தப்பாக இருந்தால் சிவப்பு மையில் திருப்பி அனுப்புவேன். இரண்டாவது, உன் அம்மாவிடம் நீயே சொல்ல வேண்டும். அவள் கத்துவாள், கேட்டுக்கொள். கத்தி முடித்ததும் அந்த 45 பென்ஸ் கணக்கை அவளுக்கு விளக்கு. அவளுக்குப் புரியும்படி உன்னால் சொல்ல முடிந்தால்தான் உனக்கே அது புரிந்திருக்கிறது என்று நான் ஒப்புக்கொள்வேன்.

சாப்பாட்டை விடாதே. பரீட்சை வாரத்தில் இதைக் கையிலேயே எடுக்காதே.

அன்புடன்,
உன் அத்தை