பழைய கேசட்டும் போன் வீடியோவும் ஒரே டைம்லைனில்

அப்பா அம்மாவின் அறுபதாம் கல்யாணத்துக்கு மண்டபத் திரையில் போட வீடியோ எடிட் பண்ணப் போறியா தம்பி? அவங்க பழைய கல்யாண கேசட்டும் வரும், போனில் எடுத்ததும் வரும். இரண்டையும் அப்படியே டைம்லைனில் இழுத்துப் போடாதே. இரண்டும் வேற வேற ஜாதி.

நம்ம ஊர் கேசட் எல்லாம் பால் (PAL) என்கிற வீடியோ முறை. நொடிக்கு 25 ஃப்ரேம். ஆனா ஒவ்வொரு ஃப்ரேமிலும் இரண்டு ஃபீல்டு இருக்கு: ஒன்றில் ஒற்றைப்படை வரிகள், இன்னொன்றில் இரட்டைப்படை வரிகள். இரண்டும் ஒரே கணத்தில் எடுத்ததில்லை. அதனால்தான் இன்றைய திரையில், தாலி கட்டும் கை அசையும்போது ஓரமெல்லாம் சீப்புப் பல் மாதிரி கோடு விழுது. இப்படி வரிகளை இரண்டு ஃபீல்டாகப் பிரித்துப் பதிவதுதான் இன்டர்லேஸ். போன் எடுப்பது முழு ஃப்ரேம், ப்ரோக்ரெசிவ், பெரும்பாலும் 30.

கேசட்டைக் கேப்ச்சர் பண்ணி ஃபைலாக்கினதும் முதல் வேலை டீஇன்டர்லேஸ், அதாவது அந்தக் கோட்டை நீக்குவது. பெரிதாக்குவது, ஆட்டத்தைச் சரிசெய்வது, கலர் எல்லாம் அதற்கு அப்புறம்தான். முதலிலேயே பெரிதாக்கினா இரண்டு ஃபீல்டின் வரிகளும் ஒன்றுக்குள் ஒன்று கலந்துடும். பிறகு சுத்தமா பிரிக்க வழியில்லை.

இதிலே பலர் கோட்டைவிடுற இடம் ஒன்று இருக்கு. டீஇன்டர்லேஸ் பண்ணி 25 ஃப்ரேமாவே எடுத்துக்கறாங்க. கோடு போயிடும், கூடவே பாதி அசைவும் போயிடும். கேசட்டில் நொடிக்கு 50 அசைவுகள் பதிவாகியிருக்கு. அந்த வழுவழுப்புதான் பழைய வீடியோவோட உயிர். இலவசமா கிடைக்கும் ஹேண்ட்பிரேக்கில் டீஇன்டர்லேஸ் ஃபில்டருக்கு 'பாப்' தேர்ந்தெடு. ஃப்ரேம் ரேட் 50, கான்ஸ்டன்ட் என்று வை. ஒவ்வொரு ஃபீல்டும் ஒரு முழு ஃப்ரேமாகும்.

வந்த ஃபைலில் அசைவு முன்னும் பின்னும் குதிச்சா, ஃபீல்டு ஆர்டர் மாறியிருக்கு. மினி டிவி டேப் என்றால் கீழ் ஃபீல்டு முதலில். ஏவிசிஎச்டி, எச்டிவி கேமரா என்றால் மேல் ஃபீல்டு முதலில். விஎச்எஸ் என்றால் அது கேப்ச்சர் பண்ணின கருவியைப் பொறுத்தது. மாற்றிப் போட்டுப் பார்.

டைம்லைனையும் 50இலேயே வை. டாவின்சி ரிசால்வ் என்றால் கிளிப் உள்ளே வருவதற்கு முன்னாடியே முடிவு பண்ணு. பிறகு ப்ராஜெக்ட் ரேட்டை மாற்ற விடாது.

அடுத்து போன் கிளிப். போன் ஃப்ரேம் ரேட் ஒரே சீரா இருக்காது. வெளிச்சத்துக்கு ஏற்ப ஏறி இறங்கும். உதடு ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம் போறதுக்கு இதுவே காரணம். அதையும் ஹேண்ட்பிரேக்கில் கான்ஸ்டன்ட் 30 ஆக்கிக்கோ. 30ஐ 50க்குள் போட்டா ஃப்ரேம்கள் சமமில்லாம திரும்ப வரும். கேமரா அசையாத கிளிப்பில் யாருக்கும் தெரியாது. கூட்டத்தை இடமிருந்து வலமா காட்டியிருந்தா வெட்டி வெட்டி வரும்.

பாட்டு மட்டும் ஓடுற இடமென்றா ஒரு அருமையான வழி இருக்கு. பிரீமியரில் 'இன்டர்பிரெட் ஃபுட்டேஜ்', ரிசால்வில் 'கிளிப் ஆட்ரிபியூட்ஸ்' போய் அந்த 30ஐ 25 என்று படிக்கச் சொல்லு. வேகம் கொஞ்சம் குறையும், ஒரு ஃப்ரேமும் வீணாகாது, அழகும் கூடும். பேசுற கிளிப்புக்கு இது ஆகாது.

இனிமே எடுக்க வேண்டியது பாக்கி இருந்தா போனையே 25க்கு மாற்று. ஐபோனில் கேமரா செட்டிங்ஸ், ரெக்கார்ட் வீடியோ, அங்கே பால் ஃபார்மேட்டை ஆன் பண்ணி 25ஐத் தேர்ந்தெடு. ஆண்ட்ராய்டு என்றால் பிளாக்மேஜிக் கேமரா ஆப் போட்டுப் பார். அந்த ஆப்பில் ஷட்டர் 1/50 வை. நம்ம மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மண்டபத்து ட்யூப்லைட் மினுமினுக்காது.

எக்ஸ்போர்ட் ப்ரோக்ரெசிவ் 50. கேசட் படத்தைத் திரை முழுக்க இழுத்து முகங்களைக் குண்டாக்காதே. இரண்டு பக்கமும் கறுப்பு இருக்கட்டும்.

வேலை முடிஞ்சதும் கேப்ச்சர் பண்ணின ஒரிஜினல் ஃபைலை மட்டும் அழிச்சுடாதே கண்ணு. இரண்டு டிஸ்கில் போட்டு வை.