முன்னதாகவா, முன்பணமா? கடிதங்களில் வரும் சில ஆங்கிலச் சொற்கள்

வெளிநாட்டுக் கொம்பனிகளின் கடிதங்களிலும் எல்.சி. பத்திரங்களிலும் 'முன்னதாக', 'சீக்கிரமாக' என்ற கருத்தில் பல ஆங்கிலச் சொற்கள் வருகின்றன. மேலோட்டமாகப் பார்த்தால் எல்லாம் ஒன்றுதான். காசு விடயத்தில் ஒன்றல்ல.

'பை 15' என்றால் 15ஆம் திகதியும் சேர்ந்தது. 'பிஃபோர் 15' என்றால் 14ஆம் திகதியுடன் தவணை முடிந்துவிடும். எனக்குத் தெரிந்த கறுவா ஏற்றுமதியாளர் ஒருவரின் எல்.சி.யில் 'பிஃபோர்' என்றிருந்தது. அவர் 15ஆம் திகதி கப்பலேற்றினார். பத்திரங்களில் முரண்பாடு உண்டென வங்கி அறிவித்தது. வாங்குபவர் அதையே பிடியாகப் பிடித்து விலையைக் குறைக்கச் சொன்னார். சரக்கு நடுக்கடலில். குறைத்துத்தான் கொடுத்தார். எல்.சி. கைக்கு வந்த அன்றே இந்தச் சொல்லைக் கவனித்திருந்தால் திருத்தம் கேட்டிருக்கலாம்.

எல்.சி. கொடுக்கல் வாங்கல்களில் பெரும்பாலும் பின்பற்றப்படுவது யூ.சீ.பீ. 600 என்ற விதிமுறை. சர்வதேச வர்த்தக சபை வெளியிட்ட இது 2007 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளது. இதன் 3ஆவது பிரிவை ஒருமுறையாவது வாசித்துப் பாருங்கள். 'ஒன் ஓர் எபவுட் 15' என்றால் 10 முதல் 20 வரை, இரு நாட்களும் உட்பட. மாதத்தின் 'பிகினிங்' என்றால் 1 முதல் 10 வரை. 'ப்ரொம்ப்ட்', 'இமீடியட்லி', 'எஸ் சூன் எஸ் பொசிபிள்' போன்ற சொற்களை வங்கி கணக்கிலேயே எடுக்காது! அவசரம் என்றால் திகதியைத்தான் போட வேண்டும்.

சாதாரணக் கடிதங்களில் வரும் 'எட் யுவர் ஏர்லியஸ்ட் கன்வீனியன்ஸ்' வேறு ரகம். நம்மில் பலர் 'கன்வீனியன்ஸ்' என்பதை மட்டும் பார்த்து, ஆறுதலாகச் செய்யலாம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். 'ஏர்லியஸ்ட்' என்பதில்தான் விடயம் இருக்கிறது. கடன் தந்தவர் இப்படி எழுதினால் மரியாதையாக நெருக்குகிறார் என்று பொருள்.

இன்வொய்ஸின் அடியில் '2/10 நெட் 30' என்றிருந்தால் 10 நாட்களுக்குள் கட்டினால் நூற்றுக்கு 2 கழிவு, இல்லாவிட்டால் 30 நாட்களுக்குள் முழுத்தொகை. 1,00,000 ரூபா பில்லுக்கு 98,000 கட்டினால் போதும். 20 நாள் முந்தியதற்கு 2,000 ரூபா! வருடக் கணக்கில் பார்த்தால் ஏறக்குறைய நூற்றுக்கு 37 வரும். கையில் காசிருந்தும் முப்பதாவது நாள் வரை பெட்டியில் வைத்திருப்பது வீண் பெருமை.

இதை 'ஏர்லி செட்டில்மென்ட்' என்பார்கள். 'பேமன்ட் இன் அட்வான்ஸ்' என்பது இதுவல்ல. முதலாவதில் பொதுவாகச் சரக்கு உங்கள் கையில் இருக்கும், தவணைக்கு முன் கட்டுகிறீர்கள். இரண்டாவதில் சரக்கைக் காணுமுன்பே காசு போகிறது. புதிய கொம்பனி ஒன்று இரண்டாவதைக் கேட்டால், அது யார் எவர் என்று விசாரித்த பின்பே வங்கிக்குப் போங்கள்.