அடைத்த ஹெட்டும் அவசரக் கிளீனிங்கும்

மாடம்பாக்கத்திலிருந்து ராஜகீழ்ப்பாக்கம், சேலையூர் வழியாகத் தாம்பரம் ரயில் நிலையம் வரைக்கும் போட்டோ கடைகளுக்குக் குறைவில்லை. பாஸ்போர்ட் சைஸ் படம், பள்ளி அடையாள அட்டை, நிச்சயதார்த்தம் முடிந்த கையோடு கேட்கப்படும் ஆறுக்கு நாலு பிரதிகள் எல்லாம் ஒரு காலத்தில் லேபுக்குப் போய்த் திரும்பிவந்தன. இன்று மேஜைமேல் உட்கார்ந்திருக்கும் ஆறு நிற இங்க் டேங்க் பிரிண்டரே அந்த வேலையைப் பார்த்துவிடுகிறது. எப்சன் நிறுவனம் 2010இல் இந்தோனேசியாவில் முதன்முதலாக விற்பனைக்கு விட்ட டேங்க் வகையின் வழிவந்த இயந்திரங்கள் இவை. இவற்றைச் சுற்றி ஒரு நாட்டு வைத்தியமும் வளர்ந்துவிட்டது. படத்தில் கோடு விழுந்தால், இங்க்கைத் தெளிக்கும் ஹெட் அடைத்துக்கொண்டது என்று பொருள்; ஹெட் கிளீனிங் கொடு; போகவில்லையா, இன்னொரு தடவை கொடு; அப்போதும் போகவில்லையா, சிரிஞ்சை எடு. மூன்று படிகளுக்கும் அடியில் இருப்பது ஒரே நம்பிக்கைதான்: ஹெட்டின் துளைக்குள் கெட்டியாக எதுவோ சிக்கியிருக்கிறது, போதிய வேகத்தில் தள்ளினாலோ இழுத்தாலோ அது வெளியே வந்துவிடும். ஹெட்டைக் கெடுப்பதில் காய்ந்த இங்க்குக்குச் சற்றும் குறையாத பங்கு இந்த நம்பிக்கைக்கு உண்டு.

துளைக்குள் உண்மையில் என்ன இருக்கிறது? நம்மூர்க் கடைகளில் பலர் அறிந்த எப்சன் எல்805ஐ எடுத்துக்கொள்வோம். ஒரு நிறத்துக்கு 90 துளைகள், ஆறு நிறத்துக்கு 540. ஒவ்வொரு துளையும் தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். அதிலிருந்து விழும் மிகச் சிறிய துளி 1.5 பிகோலிட்டர். போட்டோவுக்கான டை இங்க்கில் பெரும்பகுதி தண்ணீர். அதில் சாயமும், சட்டென்று காயாமல் காக்க கிளிசரின் போன்ற பொருள்களும் கரைந்திருக்கின்றன. காற்றுப் பட்டதும் முதலில் வெளியேறுவது தண்ணீர். கிளிசரின் அங்கேயே நின்றுவிடும். 20 டிகிரி வெப்பத்தில் தூய கிளிசரினின் பிசுபிசுப்பு தண்ணீரைப் போல ஆயிரம் மடங்குக்கும் மேல். ஆகவே, டை இங்க்கைப் பொறுத்தவரை, அடைப்பு என்று நாம் சொல்வது பெரும்பாலும் கல்லாகக் காய்ந்த இங்க் அல்ல. துளை வாயில் பாகுபதத்துக்கு வந்துவிட்ட இங்க். வெல்லப்பாகு அடியில் பிடித்த பாத்திரத்தை எப்படிக் கழுவுவோம் என்பது யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டு வேறு வேலை பார்ப்போம்.

அழுத்தம் ஏன் உதவுவதில்லை என்பதற்கு இன்னொரு காரணம் உண்டு. என் பார்வையில் இதுதான் முக்கியமானது. ஹெட் கிளீனிங் கொடுத்ததும் ஹெட்டுக்குக் கீழே உள்ள ரப்பர் கேப் மேலெழுந்து மூடிக்கொள்ள, ஒரு பம்ப் அதன் வழியே இங்க்கை உறிஞ்சுகிறது. ஒரு நிறத்தின் 90 துளைகளுக்கும் இங்க் வரும் வழி ஒன்றே. அவற்றில் ஐந்து அடைத்திருந்தால், உறிஞ்சும்போது இங்க் எந்த வழியாக ஓடும்? நன்றாக இருக்கும் 85 வழியாகத்தான். அந்த 85ம் தாராளமாகத் திறந்திருப்பதாலேயே கேப்புக்குள் இழுவிசை கூடுவதில்லை. குழாய் குறுகக் குறுக, ஓட்டத்துக்கான எதிர்ப்பு மிக வேகமாக ஏறும். விட்டம் பாதியானால் எதிர்ப்பு பதினாறு மடங்காகும். பாகுபதத்தில் இருக்கும் அந்த ஐந்து துளைகளுக்குச் சேர வேண்டிய விசை, சேராமலேயே கரைந்துபோகிறது. அடுத்தடுத்து எட்டு தடவை கிளீனிங் கொடுப்பவர், அடைக்காத துளைகளை எட்டு தடவை கழுவியிருக்கிறார்.

“கிளீனிங் கொடுத்தால் சரியாகிவிடுகிறதே, கண்ணால் பார்க்கிறோமே?” என்று கேட்கலாம். சரியாகிறது, மறுக்கவில்லை. முதல் கிளீனிங்கில் வெளியே வரும் புது இங்க் துளைத் தகட்டின் முகம் முழுவதையும் நனைக்கிறது. அந்த இங்க்கில் இருக்கும் தண்ணீர், பாகாகிப்போன இங்க்கை வெளியிலிருந்து இளக்கத் தொடங்குகிறது. லேசான அடைப்பு சில நிமிடங்களில் விட்டுவிடும். வேலை செய்தது ஈரம். பெயர் தட்டிச் சென்றது பம்ப். நிறுவனத்தின் கையேடு என்ன சொல்கிறது என்று பார்த்தாலே இது விளங்கும். நாசில் செக்கும் (எல்லாத் துளைகளிலும் இங்க் வருகிறதா என்று காட்டும் சோதனை அச்சு) ஹெட் கிளீனிங்கும் மூன்று முறை மாறிமாறிச் செய்தும் குணமில்லை என்றால், பிரிண்டரை அணைத்துவிட்டுக் குறைந்தது பன்னிரண்டு மணி நேரம் (சில மாடல்களில் ஆறு மணி நேரம்) சும்மா விடச் சொல்கிறது எப்சன். இங்க் விற்றுப் பணம் பார்க்கும் நிறுவனமே நான்காவது கிளீனிங் வேண்டாம் என்று சொன்னால் அதில் விஷயம் இருக்கத்தானே வேண்டும்?

உறிஞ்சிய இங்க் மாயமாய் மறைந்துவிடுவதில்லை. அது இயந்திரத்தின் அடியில் இருக்கும் பஞ்சு போன்ற பேடில் போய்ச் சேர்கிறது. எவ்வளவு சேர்ந்தது என்று பிரிண்டர் கணக்கும் வைத்துக்கொள்கிறது. கணக்கு நிறைந்ததும் அச்சடிக்க மறுத்துவிடும். இதைத்தான் கடைக்காரர்கள் ‘பேட் ஃபுல்’ என்கிறார்கள். ரீசெட் மென்பொருளை ஓடவிட்டால் தீர்ந்தது என்பது அடுத்த நம்பிக்கை. ரீசெட் பூஜ்யமாக்குவது கணக்கைத்தான்; பேடில் ஊறிய இங்க் ஊறியபடியே இருக்கும். பேடை மாற்றாமல் ரீசெட் மட்டும் செய்துகொண்டே போனால் ஒருநாள் மேஜை விரிப்பு நீலமாகும்.

இவ்வளவுக்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: விழும் கோடெல்லாம் அடைப்பால்தானா? நாசில் செக் தாளை இரண்டு முறை அடித்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். விட்டுப்போன இடங்கள் இரண்டிலும் அதே இடமாக இருந்தால் அது அடைப்பு. முதல் தாளில் ஓரிடம், இரண்டாவதில் வேறிடம் என்று இடம் மாறினால் அது காற்றுக்குமிழி. துளைக்குள் இங்க்கைத் தள்ளும் சிறு அழுத்தத்தைக் குமிழி தானே சுருங்கி விழுங்கிவிடுவதால் துளி வெளியேறாது. குமிழிக்கும் மருந்து ஓய்வுதான். சும்மா விட்டால் காற்று மெல்ல இங்க்கில் கரையும். அவசர அவசரமாக அடுத்த கிளீனிங் கொடுப்பது, கேப் சரியாக மூடாத இயந்திரத்தில், இன்னும் காற்றை உள்ளே இழுத்துவிடும். ஒரு நிறம் அடியோடு காணவில்லை என்றால் சந்தேகம் வேறு பக்கம் திரும்ப வேண்டும். ஆறு நிறமும் ஒரே கேப்பின் கீழ் ஒரே காற்றில் இருக்கும்போது, மற்ற ஐந்தும் நன்றாக இருக்க ஒன்றில் மட்டும் 90 துளைகளும் ஒரே சமயத்தில் காய்ந்துபோவது அரிது. டேங்கில் இங்க் கீழ்க்கோட்டுக்கும் கீழே போய்விட்டதா, குழாயில் காற்று நிற்கிறதா, இயந்திரத்தை இடம் மாற்றும்போது திருகி மூடும் பூட்டு திறக்கப்படாமல் இருக்கிறதா, ஹெட்டுக்குப் போகும் பட்டைக் கேபிள் தளர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நாசில் செக் முழுமையாக வந்தும் படத்தில் கோடு விழுந்தால், காகித வகையைத் தவறாகக் கொடுத்திருக்கலாம், அல்லது ஹெட் அலைன்மென்ட் விலகியிருக்கலாம். இவற்றில் எதற்கும் கிளீனிங் மருந்தாகாது.

சென்னைக் காற்றில் ஈரம் அதிகம், இங்கே இங்க் காயாது என்ற ஆறுதலும் புழக்கத்தில் இருக்கிறது. பாதி உண்மை. ஐப்பசி, கார்த்திகை மழையில் காற்றின் ஈரம் கிளிசரினுக்கு நீரைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். அப்போது இங்க் தடிக்கத் தாமதமாகும். கத்திரி வெயிலில் நிலைமை வேறு. கடற்காற்று கரையோரத்தைத் தொட்ட பிறகும் உள்ளே வந்து சேர நேரமாகும்; மீனம்பாக்கத்தின் உச்ச வெப்பம் நுங்கம்பாக்கத்தை மிஞ்சுவது கோடையில் வழக்கமான செய்தி. அதற்கும் தெற்கே, உள்வாங்கி இருக்கும் மாடம்பாக்கத்தின் நண்பகல் எப்படி இருக்கும் என்பதை அங்கே இருப்பவர்கள் அறிவார்கள். போதாததற்கு ஸ்டுடியோவில் ஏசி ஓடுகிறது. ஏசி காற்றைக் குளிர்விப்பதோடு அதிலிருந்து ஈரத்தையும் பிழியும். ஆக, ஊரின் ஈரப்பதத்தை நம்பிப் பயனில்லை. ஹெட்டைக் காப்பது அந்த ரப்பர் கேப் ஒன்றுதான். அது மூடியிருந்தால் மே மாதமும் பரவாயில்லை. மூடாவிட்டால் டிசம்பரும் ஆபத்து.

கேப் மூடாமல் போவதற்கு நம் பக்கத்தில் இரண்டு வழிகள். ஒன்று, கடை அடைக்கும்போது மெயின் சுவிட்சைத் தட்டிவிட்டுப் போகும் பழக்கம். பிரிண்டரின் சொந்தப் பொத்தானால் அணைத்தால்தான் ஹெட் ஓரத்துக்குப் போய்க் கேப்பின் மேல் உட்காரும். விளக்கு அணைந்த பிறகு மெயினை நிறுத்துவதில் தவறே இல்லை. கரண்ட் மிச்சம் என்று வாதிடுபவர்களுக்கு இந்த வரிசை போதும். மற்றொன்று, அச்சடித்துக்கொண்டிருக்கும்போதே போகும் கரண்ட். ஹெட் பாதி வழியில் வெறும் முகத்தோடு நின்றுவிடும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தென் புறநகரின் பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. அப்படிப்பட்ட வேளையில் மூடியைத் திறந்து ஹெட் எங்கே நிற்கிறது என்று ஒரு தடவை பார்த்து, பாதி வழியில் நின்றால் ஓரத்துக்கு மெல்லத் தள்ளிவிட்டால் போதும். சின்ன யுபிஎஸ் ஒன்று இருந்தால் அந்தக் கவலையும் இல்லை. ஹெட் ஓரத்துக்குப் போக வேண்டிய சில விநாடிகளை அது கொடுத்துவிடும்.

எந்தத் திரவத்தால் நனைப்பது என்பதில்தான் அதிகக் கைவைத்தியம். கொரோனாவுக்குப் பிறகு சானிடைசரும் அதில் சேர்ந்துகொண்டது. ஜெல் வகையில் ஆல்கஹாலை நிறுத்திவைக்கவே ஒரு கெட்டிப்பொருள் சேர்த்திருக்கிறார்கள். ஆல்கஹால் பறந்த பின் அது துளையிலேயே தங்கும். தின்னரும் அசிட்டோனும் பிளாஸ்டிக்கையும் ஹெட்டின் அடுக்குகளை ஒட்டிய பசையையும் தின்றுவிடும். கொதிக்கும் நீரும் அந்தப் பசைக்கு ஆகாது. போர் தண்ணீரில் உப்பு; பாத்திரத்தில் வெள்ளைப் படிவு விடும் நீரை முடியினும் மெல்லிய துளையில் விடுவது வம்பை விலைக்கு வாங்குவது. கேன் தண்ணீரிலும் கொஞ்சம் தாது உண்டு. சரியானது இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர். பேட்டரிக் கடைகளில் கிடைக்கும். ஆசிட் கேனை மாற்றி எடுத்துவிடாமல் லேபிளைப் படித்து வாங்க வேண்டும், அவ்வளவுதான். பிரிண்டரை இயக்கி, ஹெட் ஓரத்தை விட்டு நகர்ந்ததும் பிளக்கைப் பிடுங்கி, கேப்பில் உள்ள பஞ்சின் மேல் ஊசியில்லாத சிரிஞ்சால் சில சொட்டு நீர் விட்டு, ஹெட்டைக் கையால் மெல்லப் பழைய இடத்துக்கே தள்ளிவிட்டால், இரவு முழுதும் துளைகள் ஈரத்தின் மேல் உட்கார்ந்திருக்கும். கேப்பின் விளிம்பில் படிந்த பழைய இங்க்கையும், ஹெட்டைத் துடைக்கும் வைப்பர் ரப்பரையும் அதே நீரில் நனைத்த, நூல் பிரியாத துணியால் ஒற்றி எடுத்தால் இன்னும் நல்லது. காலையில் ஒரு கிளீனிங், ஒரு நாசில் செக். பிடிவாதமான அடைப்புக்கு இரண்டு, மூன்று இரவுகள் ஆகலாம்.

“ரிச்சி ஸ்ட்ரீட்டில் சிரிஞ்சில் தண்ணீரை ஏற்றிப் பத்தே நிமிடத்தில் சரிசெய்து தருகிறார்களே?” என்பார்கள். கைதேர்ந்தவர்கள் மிக மெதுவாக, ஊறவைத்து ஊறவைத்துச் செய்கிறார்கள். அங்கேயும் வேலை செய்வது நீர்தான். வேகமாக அழுத்தினால், முன்பு சொன்ன அதே காரணத்தால், நீர் திறந்த துளைகள் வழியே பாய்ந்துவிடும். மிஞ்சிய அழுத்தம் ஹெட்டின் உள் ஒட்டுகளைப் பெயர்க்கும்; மேலே கசிந்தால் பட்டைக் கேபிள் செருகும் இடத்தில் இறங்கி, ஹெட்டோடு போர்டையும் சேர்த்துக் காவு வாங்கும். சிரிஞ்சால் பிழைத்த ஹெட்டின் கதை ஊரெல்லாம் பரவுகிறது. சிரிஞ்சால் செத்ததை ‘அது ஏற்கெனவே போன ஹெட்’ என்று தள்ளிவிடுகிறார்கள். வெற்றியை மட்டும் எண்ணினால் எந்த வைத்தியமும் கைகண்ட மருந்துதான்.

வெளி இங்க் போட்டாலே அடைக்கும் என்பதும் அப்படியே ஏற்கத்தக்கதல்ல. நல்ல டை இங்க் எந்தப் பெயரில் வந்தாலும் நீரில் திரும்பக் கரையும். வகை மாறுவதுதான் சிக்கல். பிக்மென்ட் இங்க்கில் நிறம் கரைந்திருப்பதில்லை, நுண்துகளாக மிதக்கிறது. பிசின் பூசிய அந்தத் துகள்கள் ஒருமுறை காய்ந்தால் வெறும் நீருக்கு எளிதில் மசியாது. பிறந்தநாள் ரிட்டர்ன் கிஃப்டுக்கு மக் அச்சடிக்கப் பல கடைகள் போட்டோ பிரிண்டரில் சப்ளிமேஷன் இங்க் ஊற்றுகின்றன. அதுவும் நீரில் கரையாத சாயம்தான். சும்மா நின்றால் அடியில் படியும். இவ்விரண்டுக்கும் அந்தந்த வகைக்கென விற்கும் கிளீனிங் திரவம் வேண்டும். ஓய்வு கொடுப்பதைவிட அடிக்கடி ஓடவிடுவதே இவற்றுக்கு நல்லது. டை இங்க் இயந்திரத்துக்கு வாரம் ஒரு நாசில் செக் போதும். தினமும் ஒரு பக்கம் அடித்தேன் என்று கறுப்பு எழுத்தாக அடித்தால், வெளிர் மெஜந்தா ஒரு சொட்டும் நகராமல் அப்படியே நிற்கும்.

கேனான், எச்.பி. இயந்திரங்களில் வேறொரு எச்சரிக்கையும் சேர்கிறது. அவற்றின் ஹெட் இங்க்கை நொடியின் சிறு பங்கில் சூடாக்கிக் குமிழி எழுப்பித் துளியைத் தள்ளுகிறது. அந்தச் சூட்டை வாங்கிக்கொள்ள இங்க் இல்லாவிட்டால் சூடேற்றும் இழையே கருகும். இங்க் வராத நிறத்தை வைத்துக்கொண்டு பக்கம் பக்கமாக அடித்துப் பார்ப்பது அங்கே இன்னும் பெரிய தப்பு. அவர்களின் பல மாடல்களில் ஹெட்டை நாமே கழற்றி மாற்ற முடியும் என்பதால் நஷ்டம் கொஞ்சம் குறைவு.

“ராத்திரி முழுக்க ஊறவைக்கச் சொன்னால் எப்படி, வாடிக்கையாளர் கவுண்டரில் நிற்கிறாரே?” இந்த ஆட்சேபம் நியாயமானது. விட்டுப்போன துளைகள் நான்கைந்துதான் என்றால், தரத்தை உச்சத்தில் வைத்து, இருதிசையிலும் வேகமாக அடிக்கும் வசதியை நிறுத்திவிட்டு அடிக்கலாம். அப்போது ஹெட் ஒரே வரியின் மேல் பல தடவை, ஒவ்வொரு தடவையும் வெவ்வேறு துளைகளால் போகும். ஒரு துளை விட்டதைப் பக்கத்துத் துளை நிரப்பும். பாஸ்போர்ட் சைஸ் படத்தில் கோடு கண்ணுக்குத் தெரியாது. நேரம் கொஞ்சம் கூடப் பிடிக்கும், ஆனால் நாலைந்து கிளீனிங்குக்கு ஆகும் நேரமும் இங்க்கும் மிச்சம். படம் பெரிதாக, முகம் நிறைந்ததாக இருந்தால் அந்த ஒரு வேலையை மட்டும் பக்கத்துக் கடைக்கு அனுப்பிவிடலாம்.