முதலில் கேட்டைப் பார், தம்பி



நீ அனுப்பிய ஸ்பிட்ஸ் நாயின் பயிற்சிக் குறிப்பை இரண்டு முறை படித்தேன். முதல் முறை கோபம் வந்தது. இரண்டாம் முறை இன்னும் கூடுதலாக வந்தது.

பயத்தில் குரைப்பது, காவலுக்குக் குரைப்பது, தனிமையில் குரைப்பது என்ற பாடமெல்லாம் உனக்குத் தெரியும், அதற்குள் போகவில்லை. என்னை உறுத்துவது உன் மூன்றாம் நாள் குறிப்பு. இட்லி கேட்டுக் குரைத்தால் கண்டுகொள்ளாதீர்கள் என்று வீட்டாரிடம் சொன்னாய். சரி. மூன்றாம் நாள் அது ஊரையே கூட்டியது. பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வர, அந்த வீட்டுப் பாட்டி ஒரு இட்லித் துண்டைப் போட்டுவிட்டார். உடனே நீ, ‘இந்த நாய்க்கு இந்த முறை சரிவராது’ என்று எழுதிவிட்டு, குரைத்தால் அதிரும் பெல்ட்டை மாட்டிவிட்டாய்.

அட, அவசரக்காரா! வழக்கமாகக் கிடைத்தது நின்றுபோனால், விட்டுவிடுவதற்கு முன் பல பிராணிகள் முழு பலத்தையும் காட்டிப் பார்க்கும். உன் முறை பலிக்கத் தொடங்கியதற்கு அதுதான் அடையாளம். அந்த நேரம் பார்த்து விழுந்த துண்டு, ‘கொஞ்சம் குரைத்தால் கிடைக்காது, விடாமல் குரைத்தால் கிடைக்கும்’ என்று அதற்குக் கற்றுக்கொடுத்துவிட்டது. பாட்டியைக் குறை சொல்ல மாட்டேன். இப்படி ஒரு நாள் வரும் என்று முதல் நாளே நீதான் அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். வாயை மூடிக்கொண்டு பாயில் போய்ப் படுத்தால் அதே இட்லியைக் கொடுக்கவும் சொல்லியிருக்க வேண்டும். வேண்டாததைக் கண்டுகொள்ளாமல் விடுவது பாதி வேலைதான். வேண்டியதற்குக் கூலி கொடுப்பது மீதி.

அந்த பெல்ட்டைக் கழற்று. அது சத்தத்தை அடக்கும். சத்தத்துக்கான காரணம் உள்ளேயே கிடக்கும். ஆளைக் கண்டு பயந்து குரைக்கும் நாய்க்கு, ஆள் வந்தால் கழுத்திலும் ஏதோ நடக்கிறது என்று இன்னொரு பயம் சேரும். எச்சரிக்கக் கூடாது என்று கற்றுக்கொண்ட நாய், எச்சரிக்காமலே கடிக்கலாம். மின் அதிர்ச்சி கொடுக்கும் பெல்ட்டை வேல்ஸ் நாட்டில் 2010-லேயே தடை செய்துவிட்டார்கள். உன்னுடையது ஷாக் அடிக்காது, வெறுமனே அதிரும் என்கிறாய். நாயைக் கேட்டாயா?

இனி என் பழைய பல்லவி. இதற்காக என்னை ‘கேட் தாத்தா’ என்று நீங்களெல்லாம் கேலி செய்வது தெரியும். நாலு பக்கம் எழுதியிருக்கிறாய். கேட்டைப் பற்றி ஒரு வரி இல்லை. நீ அனுப்பிய படத்தில் பார்த்தேன்: தரையிலிருந்து மேல்வரை திறந்த கம்பி. பால்காரர் வருகிறார், நாய் குரைக்கிறது, அவர் போய்விடுகிறார். பேப்பர் பையன், கூரியர்காரர், தெருவில் போகும் மாடு, எல்லாமே அப்படித்தான். அவரவர் வேலையாகப் போகிறார்கள் என்று நாய்க்கு யார் சொல்வது? தான் விரட்டியதாகவே அது நம்புகிறது. நாளெல்லாம் ஜெயித்துக்கொண்டிருக்கும் நாய்க்கு உன் பிஸ்கட் எம்மாத்திரம்? அந்த உயரத்து நாய்க்கு, கேட்டின் கீழ்ப்பக்கம் மூன்றடிக்குத் தகரமோ ஃபைபர் ஷீட்டோ அடித்தால் போதும். உள்ளேயிருந்து ‘ஏய், சும்மா இரு!’ என்று வீட்டார் கத்துவதையும் நிறுத்தச் சொல். தன்னோடு அவர்களும் சேர்ந்து குரைக்கிறார்கள் என்றுதான் அது நினைக்கும்.

ஒருமுறை ராஜபாளையத்துக்குப் போயிருந்தேன். அங்கே ஒரு வீட்டில் அந்த ஊர் இனத்து அசல் வெள்ளை நாய், ராத்திரி பூராவும் குரைக்கிறது. பேய் தெரிகிறது என்று வேப்பிலைகூடக் கட்டியிருந்தார்கள். அதன் முதுகுக்குப் பின்னால் நின்று எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் தட்டினேன். காது மடல்கூட அசையவில்லை. பிறவிச் செவிடு. வெள்ளை நிறத்தோடு செவிடும் சேர்ந்து வருவது அந்த இனத்தில் உண்டு. குரைக்கவைத்தது, தெருவிளக்கில் ஆடிய வேப்பங்கிளையின் நிழல். நாயைக் கொல்லைப்புறம் மாற்றிக் கட்டினோம். அன்றைக்கு வீடே தூங்கியது. தன் குரைப்பே தனக்குக் கேட்காத நாயையும் கண்ணில் பட்டது ஒன்று குரைக்கவைக்கும். அதனால்தான் போன இடமெல்லாம் முதலில் நாயின் உயரத்துக்குக் குனிந்து, அங்கிருந்து என்ன தெரிகிறது என்று பார்க்கிறேன்.

இவ்வளவு திட்டியபின் ஒன்று சொல்லாவிட்டால் நான் மனிதனில்லை. ஆள் வந்தால் தாழ்ந்த குரலில் அடுக்கடுக்காகக் குரைக்கிறது, தனியே விட்டால் கீச்சுக்குரலில் இடைவெளி விட்டுக் குரைக்கிறது என்று மூன்றாம் பக்கத்தில் எழுதியிருக்கிறாயே, அது அபாரம். புடாபெஸ்ட் ஆய்வாளர்கள் மேய்ப்பு நாய்களின் குரைப்பைப் பதிவுசெய்து, ஆட்களைக் கேட்கவைத்துக் கண்டதை, நீ ஒரு திண்ணையில் உட்கார்ந்து வெறுங்காதால் கேட்டிருக்கிறாய். இந்தக் காது பல வருஷம் பயிற்சி கொடுப்பவர்களுக்கே வாய்ப்பதில்லை.

அந்தக் காதை வைத்துக்கொண்டு எதற்கு உனக்கு பெல்ட்? கேட்டை மறைத்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து தொடங்கு. பாட்டியையும் கூட வைத்துக்கொள். அடுத்த குறிப்பின் முதல் வரியில், அந்த நாய் நிற்கும் இடத்திலிருந்து என்ன தெரிகிறது என்று எழுது. மிச்சத்தை அப்புறம் படிக்கிறேன்.